ஆதியாகமமும் முதல் பந்தியும்

திருவில்லிபுத்தூரில் எங்கள் சின்னக் கிறிஸ்தவ சபையில் ஆண்டுக்கொரு முறை அசனம் நடக்கும். சபையார் எல்லாரும் அரிசியும் பருப்பும் காய்கறியுமாகக் கொண்டுவந்து சேர்த்து, கூமாப்பட்டிப் பக்கம் போய்க் கிடா பிடித்துவந்து, கோயில் வளாகத்திலேயே பொங்கி, ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. 'ஒரே இடத்தில்' என்றுதான் அறிவிப்பில் வாசிப்பார்கள். ஒரே நேரத்தில் என்று யாரும் சொன்னதில்லை. முதல் இரண்டு பந்தி ஆண்களுக்கு, மூன்றாவது பெண்களுக்கு. எப்போது, யார் இப்படி வைத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

என் மதினி, அதாவது பெரியப்பா மகனின் மனைவி, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் டபுளிங் பிரிவில் வேலை பார்க்கிறார். தனி இழை இரண்டை ஒன்றாக முறுக்கி உறுதியான நூலாக்குவதுதான் டபுளிங். அதே ஆலையில் மெசின்களைக் கழற்றிப் பழுது பார்க்கும் பிட்டர் நான். மதினிக்கு எப்போதும் மாலை நான்கு மணி ஷிப்ட். வார விடுமுறை புதன்கிழமை. அசனம் வருவது ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்கு ஷிப்டை மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காது. மூன்று மணிக்கு ஆலை வேன் வந்து ஆரன் அடிக்கும்போது பெண்கள் பந்திக்கு அப்போதுதான் இலை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

போன அசனத்துக்கு ஒரு மாதம் முன்னால் சபைக் கூட்டம் நடந்தது. வரவு செலவெல்லாம் பேசி முடிந்து எல்லாரும் எழுந்திருக்கும் நேரத்தில் மதினி எழுந்து நின்றார்.

"இருவது வருசமா வெங்காயம் உரிக்கேன். அரிசி களையுதேன். நம்ம அசனக் குழம்பு இனிப்பா இருக்குமா கசப்பா இருக்குமான்னு எனக்குத் தெரியாது. இந்த வருசம் பொம்பளையாளுகளும் மொத பந்தியில உக்காரணும்."

முன்வரிசையில் இருந்த என் சித்தப்பா திரும்பிப் பார்த்தார். பட்டாளத்தில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மதினிக்குச் சின்ன மாமனார். உட்கார்ந்திருந்தாலும் அவர் முதுகு அட்டென்ஷனில்தான் இருக்கும்.

"ஏட்டி, இது நீயும் நானும் போட்ட சட்டமா? கர்த்தர் ஆம்பளைய மொதல்ல படைச்சாரு. பொம்பளைய பொறவு படைச்சாரு. ஆதியாகமத்துலயே இருக்கு. சீனியாரிட்டின்னு ஒண்ணு இருக்குல்லா?"

ஐயருக்கு (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் அழைப்போம்) இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சாய விருப்பமில்லை. "வெள்ளிக்கிழமை வேத பாடத்தில் ஆதியாகமம் முதல் இரண்டு அதிகாரங்களைப் படிப்போம். படித்துவிட்டு முடிவெடுப்போம்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்கதான் எப்பப் பாத்தாலும் கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பீங்களே, நீங்களே தொடங்கி வைங்க" என்றார்.

எனக்கு அன்றைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஆள் நான். பேருந்திலும் டீக்கடையிலும் கையில் கிடைத்ததைப் படித்துப் படித்து, நாலு பேரிடம் வாய் கொடுத்து வளர்ந்தவன். என்னைப் போய் வேத பாடம் தொடங்கச் சொன்னால்!

மறுநாளே ராஜபாளையம் பேருந்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, மெயின்டனன்ஸ் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டேன். முதல் அதிகாரத்தில் எது எப்போது படைக்கப்பட்டது, இரண்டாம் அதிகாரத்தில் எது எப்போது என்று பக்கத்துப் பக்கத்தில் எழுதினேன். ஒரு மெசினைக் கழற்றி மாட்டும்போது எந்த உறுப்பு முதலில், எது கடைசியில் என்று எழுதுவோம் இல்லையா, அதே மாதிரி உலகத்துக்கும் ஒரு ஷெட்யூல் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். பிட்டர் புத்தி.

முதல் அதிகாரத்தில் வெளிச்சம், வானம், நிலம், செடி மரம், சூரியன் சந்திரன், மீன், பறவை, மிருகம், எல்லாம் முடிந்து கடைசியாக மனிதர்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்தே வருகிறார்கள். இரண்டாம் அதிகாரத்துக்குப் போனால் வயலில் ஒரு புல்கூட முளைக்காத காலத்தில் மனிதன் வந்துவிடுகிறான். அவனுக்குப் பிறகு தோட்டம், அப்புறம் மிருகங்கள், கடைசியில் பெண். மரம் மனிதனுக்கு முன்னாலும் நிற்கிறது, பின்னாலும் நிற்கிறது. ரப்பரால் அழித்து அழித்துத் தாளில் ஓட்டையே விழுந்துவிட்டது.

என்னோடு வேலை பார்க்கும் இன்னொரு பிட்டர் கேன்டீனில் அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். இந்துக்காரர், மடவார் வளாகத்தில் வீடு. "ஏலே, கடவுளுக்கே ஷெட்யூல் போடுதியா? லேட்டா வந்தா மெமோவும் குடுப்பியோ?" என்று கேட்டுவிட்டு வடையைக் கடித்தார்.

புதன்கிழமை விடுமுறையில் இருந்த மதினியின் வீட்டுக்கே தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். ரெண்டும் ஒட்டவே மாட்டேங்குது மதினி, எதையாவது ஒன்றை விட்டுவிடலாமா என்று கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை.

"எதுக்கு ஒட்டணும்? நான் மெசின்ல ரெண்டு இழை போடுதேன். ஒண்ண வெட்டி இன்னொண்ணோட அளவுக்கு ஒட்டவா செய்யுதேன்? ரெண்டையும் அதது போக்குல முழுசா ஓட விட்டுத்தான் முறுக்குதேன். ஒரு இழை அந்துச்சுன்னா மெசின நிப்பாட்டிருவேன். அது நூலே கெடையாது."

அங்கேயே தரையில் உட்கார்ந்து இரண்டு அதிகாரத்தையும் மறுபடி வாசித்தேன். ஷெட்யூலை மறந்துவிட்டு வாசித்தபோது எல்லாமே வேறாகத் தெரிந்தது. முதல் கதையில் கடவுள் மேலே இருக்கிறார். சொல்கிறார், நடக்கிறது. நாள் நாளாக ஒழுங்கு, ஒவ்வொன்றையும் பார்த்து நல்லது, நல்லது என்கிறார். இரண்டாவது கதையில் அதே கடவுள் மண்ணில் கை வைக்கிறார். பிசைகிறார், ஊதுகிறார், தோட்டம் நடுகிறார். ஒரு கதை பிளவக்கல் அணை மேட்டில் நின்று ஊரையும் வயலையும் ஒரே பார்வையாகப் பார்ப்பது போல. இன்னொன்று அதே வயலுக்குள் இறங்கி வரப்பில் உட்கார்ந்திருப்பது போல. மேலிருந்து பார்த்ததும் நிஜம், வரப்பில் கண்டதும் நிஜம். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தவர்களுக்கு இது பொருந்தவில்லை என்று தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள்!

"என்ன தம்பி, தனியா சிரிச்சுக்கிட்டு?" என்றார் மதினி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு வேத பாடம். வழக்கமாகப் பத்துப் பேர் வருவார்கள். அன்றைக்குச் சமையல் கமிட்டி ஆண்கள் மொத்தமும் வந்திருந்தார்கள். பாய் போதவில்லை. மதினி ஷிப்டை இன்னொருவரோடு மாற்றிக்கொண்டு வந்து பின்வரிசையில் இருந்தார்.

நான் இரண்டு இழை விஷயத்தைச் சொன்னேன். யார் சொன்னது என்பதையும் சேர்த்தே சொன்னேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள். சித்தப்பா ஆட்டவில்லை.

"அதெல்லாம் சரிலே. முறுக்கு, பிரி, என்ன வேணா செய்யி. மொதல்ல வந்தவன் யாரு? ஆம்பள. மொதல்ல வந்தவன் சீனியர். அம்புட்டுதான்."

பின்வரிசையிலிருந்து மதினியின் குரல் வந்தது. "சின்ன மாமா, மொத அதிகாரத்துல மொதல்ல வந்தது யாரு? மீனு. பொறவு கோழி. பொறவு கிடா. ஆறாம் நாள் சாயங்காலந்தான் நீங்க வாரிய. அப்பம் சீனியாரிட்டிப்படி மொத பந்தியில மீனும் கோழியும் உக்காரட்டும். கிடாய்க்கு எல போடுங்க. நீங்க மூணாவது பந்தி."

சிரிப்பு அடங்கச் செத்த நேரம் ஆனது. சமையல் கமிட்டித் தலைவர், "கிடா எலையில உக்காந்துருச்சுன்னா அண்டாவுல எதப் போட?" என்று கேட்க, மறுபடியும் சிரிப்பு.

"நான் சொன்னது ரெண்டாம் அதிகாரம்" என்றார் சித்தப்பா, விடாமல்.

"ரெண்டாம் அதிகாரத்துல ஒங்களுக்கும் எனக்கும் நடுவுல கழுத, குதிர, நாயி அம்புட்டும் வருது. எனக்கு முன்னாடி கழுத சாப்பிடணுங்கியளா?"

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஏனென்றால், பழைய பேப்பர்க் கடையில் எடுத்த ஒரு புத்தகத்தில் அந்த வாரம்தான் நான் படித்திருந்தேன். இந்தக் கதைகள் நமக்கு வருவதற்கு முன்னால் யூதர்களுடையவை. அவர்களுடைய பழைய ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக இதைப் பேசி விவாதித்திருக்கிறார்கள். மனிதனை ஏன் கடைசியாகப் படைத்தார் என்ற கேள்விக்கு அவர்களில் ஒருவர் சொன்ன விளக்கம், அவன் தலைகனத்துத் திரிந்தால் 'உனக்கு முன்னால் கொசு வந்துவிட்டதப்பா' என்று சொல்வதற்காகவாம். இதை நான் மதினியிடம் சொல்லவே இல்லை! அதைக் கூட்டத்தில் சொன்னதும், "கொசுவா? அப்பம் நான் சொன்னது சரிதான" என்றார் மதினி, யாரோ தெரிந்தவர் சாட்சிக்கு வந்தது போல.

சித்தப்பா வேதத்தை மடியில் வைத்து விரலால் தடவிக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோற்றவர் முகம் அல்ல அது. அடுத்த அடிக்கு இடம் பார்ப்பவர் முகம்.

அப்போது ஐயர் என்னிடம், "முதல் அதிகாரம் முழுக்க நல்லது நல்லதுன்னு வருதே. நல்லதல்லன்னு முதல் முதலா எங்க வருது, பாத்தீங்களா?" என்றார்.

பார்த்திருந்தேன். புதன்கிழமையே பார்த்துவிட்டு, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வைத்திருந்தேன். எழுந்து சொன்னேன். "இரண்டாம் அதிகாரத்தில் வருது. பாவம் இன்னும் வரல. பாம்பு வரல. தோட்டம் இருக்கு, ஆறு இருக்கு, பழம் இருக்கு. எல்லாம் இருந்தும் கடவுள் ஒண்ணே ஒண்ண மட்டும் நல்லா இல்லன்னு சொல்லுதாரு. ஆம்பள தனியா இருக்கது. சித்தப்பா, நீங்க சொல்லுத அதே அதிகாரந்தான். நம்ம மொத பந்தியும் அதுதான."

யாரும் சிரிக்கவில்லை. சித்தி இறந்து இரண்டு வருடம். சித்தப்பா ஒற்றை ஆளாகத்தான் பொங்கிச் சாப்பிடுகிறார். அது எனக்குப் பேசும்போது ஞாபகத்தில் இல்லை. சொல்லி முடித்தபிறகுதான் உறைத்தது. வாயைக் கொடுத்துக் கெடுத்துவிட்டோமோ என்று நின்றேன்.

சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அந்த வசனத்தைத் தேடி எடுத்து, தனக்குள் வாசித்தார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார்.

"நான் லீவுல வந்த வருசமெல்லாம் அசனத்துல எனக்கு வாளி எடுத்துப் பரிமாறுனவ அவதான். அவ என்னைக்குச் சாப்பிட்டா, என்ன சாப்பிட்டான்னு நான் கேட்டதே இல்ல." மதினி பக்கம் திரும்பினார். "ஏட்டி, ஒனக்கு வேன் எத்தன மணிக்கு?"

"மூணு மணிக்கு மாமா."

"ஒரு மணிக்கு எலயில இருக்கணும். லேட்டாச்சு, நான் மனுசனா இருக்க மாட்டேன்."

அசனத்தன்று முதல் பந்தியில் பெண்கள் பாதி இடத்தை நிறைத்துவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். வந்தது ஆறு பேர். மற்றவர்கள் அடுப்பைக் காட்டினார்கள், பிள்ளையைக் காட்டினார்கள், வெட்கப்பட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மதினியே சோறு வடிக்கிற இடத்தில்தான் நின்றார். சித்தப்பா போய்க் கரண்டியைப் பிடுங்கி, அவரைக் கூட்டிவந்து வரிசையின் நடுவில் உட்காரவைத்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழம்பு வாளியைத் தூக்கினார். அந்த வயதில் அந்த வாளி கனம்தான். யாரையும் தொடவிடவில்லை.

எதிர் வரிசையில் நானும் என் இலையும். நான் சாப்பிடவே இல்லை, மதினியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபம் முடிந்தது. குழம்பைச் சோற்றில் விட்டுப் பிசைந்து ஒரு கவளம் எடுத்தார். மென்றார். கண்ணை மூடித் திறந்தார். சமையல் கமிட்டித் தலைவர் அண்டாவை விட்டுவிட்டு வந்து நின்று, "எப்படிம்மா?" என்று கேட்டார். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"உப்பு பத்தல" என்றார் மதினி.

தலைவரின் முகம் சுருங்கிவிட்டது. "இத்தன வருசமா இதே கைப்பக்குவம். ஒருத்தரும் சொன்னதில்ல."

"சொல்லுததுக்கு நான் இங்க இல்லல்லா" என்றார் மதினி. "சின்ன மாமா, இன்னொரு கரண்டி விடுங்க. கறியாப் பாத்து."