ஈரப் பெஞ்சு

பூங்காக் காவலாளிக்குத் ‘தொடாதே’ என்றே பட்டப்பெயர். தொண்டு செய்ய வரும் மாணவர்கள் வருஷாவருஷம் அங்கிருந்த ஒரே பெஞ்சுக்குப் பச்சை பெயிண்ட் அடிப்பார்கள். அது காய்வதற்குள் அதிலேயே உட்கார்ந்து போட்டோ எடுத்துப் பாழாக்கிவிட்டுப் போவார்கள். இந்த முறையாவது பெஞ்சைக் காப்பாற்றியே தீர்வதென்று அவர் கங்கணம் கட்டிக்கொண்டார்.

பெயிண்ட் அடித்து முடிந்ததும் குறுக்கே வந்து நின்றார். “எவனாவது உக்காந்தீங்க, தோலை உரிச்சிடுவேன்!”

பிள்ளைகள் பெட்டிப்பாம்பாகப் பெஞ்சுக்குப் பின்னால் வரிசைகட்டினார்கள். போட்டோ எடுக்க நின்ற பெண், “அண்ணே, நீங்க இல்லாம என்ன போட்டோ? வாங்கண்ணே!” என்றாள்.

காவலுக்கு வந்த பதினொரு வருஷத்தில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. வாயெல்லாம் பல்லாக வந்தவர், மீசையை முறுக்கிக்கொண்டு பெஞ்சின் நட்டநடுவில் ஜம்மென்று உட்கார்ந்தார்.

படத்தை எடுத்துவிட்டு அவள் மெதுவாகக் கேட்டாள்: “அண்ணே, இப்ப யாரு தோலை உரிக்கிறது?”