அந்தச் சின்ன மாத்திரையும் டாக்டர் சம்பந்தமும்

டாக்டர் சம்பந்தம் போய்விட்டார் என்று அவர் மனைவி போனில் சொன்னபோது, எங்கள் மரக்காணம் கிளினிக்கில் கூட்டமாக இருந்தது. எல்லோரையும் பார்த்து அனுப்பிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. பக்கத்து அறையில் உட்கார்ந்து பல வருஷம் அவரோடு சண்டை போட்ட டாக்டர் நான்.

சண்டையெல்லாம் அவர் படிப்பால் வந்ததுதான். அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், புதிய ஆய்வு எதையும் படிக்காமல் விடமாட்டார். சாப்பாட்டு நேரத்தில் படிப்பார், சாம்பார் ஆறிப்போகும். இதயநோயே வராத வயதானவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக நாங்கள் கொடுத்துவந்த ஆஸ்பிரினால், நன்மையைவிட ரத்தக்கசிவு ஆபத்துதான் அதிகம் என்று அப்படித்தான் ஒருநாள் முடிவுக்கு வந்தார். புதிதாக யாருக்கும் எழுதாமல் இருந்தால் போதாதா, பழையவர்களிடம் போய் நாம் சொன்னது தப்பு என்றால் யார் நம்புவார்கள் என்று கேட்டேன்.

"நம்பிக்கை போனா திரும்ப வாங்கிக்கலாம் டாக்டர். வயித்துல ரத்தம் கசிஞ்சா என்ன பண்றது?" என்றார். வந்தவர்களிடமெல்லாம் அந்தச் சின்ன மாத்திரையை நிறுத்தச் சொன்னார்.

எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள்; அங்கே ஒருவருக்கு டாக்டர் சொன்னால், அது கூட வேலை செய்கிற எல்லோருக்கும் சொன்ன மாதிரி. பிரஷர் பார்க்க வந்த அஞ்சலை, நாங்கள் எல்லோருமே நிறுத்திவிட்டோம், கோதண்டமும் நிறுத்திவிட்டார் என்று சாதாரணமாகச் சொன்னாள். சம்பந்தத்தின் முகம் வெளுத்துவிட்டது. கோதண்டத்துக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தது. அந்த மாத்திரையை அவர் ஒருநாளும் விடக்கூடாது.

கோதண்டத்துக்குப் போன் போட்டோம்; அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. சம்பந்தம் பைக்கை எடுத்தார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். நான் அப்பவே சொன்னேனே என்று வழி நெடுகத் திட்டினேன். அவர் வேகத்தைக் கூட்டினார்.

கோதண்டம் உப்பு வாரிக்கொண்டிருந்தார். உடம்பெல்லாம் வியர்வை. அந்த வெயிலில் யாருக்குத்தான் வியர்க்காது? நெஞ்சு எப்படி இருக்கிறது என்று கேட்டார் சம்பந்தம்.

"காலையிலேர்ந்து லேசா அடைக்குது சார். வெயில்னு நெனச்சேன்."

ஆஸ்பிரினை அங்கேயே மென்று விழுங்க வைத்து, ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துவிட்டார் என்று தெரியும்வரை நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம்.

"படிச்சது சரிதான் டாக்டர். யார் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லாம விட்டேன். அது என் தப்பு" என்றார் பிறகு. இனி படிப்பதை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். மறுநாள் காலை உப்பளத்துக்கே போய், யார் நிறுத்தவேண்டும், யார் தொடரவேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி, அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லவைத்தார். தன் தப்பையும் மறைக்கவில்லை. எனக்கு அந்தத் தைரியம் இருந்ததில்லை.

சம்பந்தத்தின் உடலை எடுத்துக்கொண்டு சுடுகாட்டுக்குக் கிளம்பும்போது கோதண்டம் என்னிடம் வந்தார்.

"இனிமே ஏதாவது மாறுச்சுன்னா எங்களுக்கு யாரும்மா வந்து சொல்லுவாங்க?"

"நான் சொல்றேன்" என்றேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வேலைதான். சொல்லிவிட்டேனே தவிர, பயமாக இருக்கிறது.