மச்சினனும் மலைவண்டியும்

எங்கள் வீட்டு முன்னறையில் மனிதன் உட்கார இடம் கிடையாது. அங்கே வண்டி நிற்கும். வண்டிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு என் மச்சினன் படுத்திருப்பான். வருகிறவர்கள் வாசலிலேயே நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவார்கள். கை நீட்டினால் சுவர் இடிக்கிற அறையில் ஒரு மோட்டார் சைக்கிளையும் ஒரு பிரம்மச்சாரியையும் வைத்துக் குடும்பம் நடத்திப் பாருங்கள், அப்புறம் என்னைக் கோபக்காரன் என்று சொல்லுங்கள்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டூயல் ஸ்போர்ட் என்பான். தார் ரோட்டிலும் ஓடுமாம், கல்லும் சேறுமான பாதையிலும் ஓடுமாம். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு பூனை படுத்துத் தூங்கலாம், அவ்வளவு இடைவெளி. சைலன்ஸர் தொடை உயரத்துக்கு ஏறி நிற்கும், ஆற்றில் இறங்கினால் தண்ணீர் புகக்கூடாது என்று. எங்கள் தெருவில் ஏது ஆறு? சாக்கடைதான் இருக்கிறது. வண்டி என் கல்யாணத்துக்கும் முந்தையது. நில அளவைக்காரர் ஒருவர் மலையில் ஓட்டி ஓட்டி எலும்புக்கூடாக்கிய பிறகு அதை இவன் தலையில் கட்டினார். இவன் அதை என் முன்னறையில் கட்டினான்.

மச்சினனுக்கு லிஃப்டில் வேலை. ஆறு மாடிப் பழைய கட்டடம். இழுத்து மூடுகிற இரும்புக் கம்பிக் கதவு போட்ட லிஃப்ட். அதற்குள் ஒரு ஸ்டூல், ஒரு பித்தளைப் பிடி, அப்புறம் இவன். காலையில் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம் வரை மேலே, கீழே, மேலே, கீழே. கட்டடத்து ஆட்கள் அவனுக்கு ‘மேலகீழ’ என்றே பேர் வைத்துவிட்டார்கள். அந்த லிஃப்ட் வாரத்துக்கு ஒரு தடவையாவது இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோகும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டுவார்கள், அழுவார்கள். இவன் எழுந்து ஸ்டூலை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டு, “உக்காருங்க. ஆள் வந்துடுவாங்க. நான் தினமும் இதுக்குள்ளதானே இருக்கேன், எனக்கு என்ன ஆயிடுச்சு?” என்பானாம். அதைக் கேட்டுச் சிலர் இன்னும் அதிகமாக அழுதார்கள் என்றும் கேள்வி.

இவன் எப்படி என் வீட்டுக்கு வந்தான் என்றால், என் மனைவி கல்யாணமாகி வரும்போது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு தம்பியும் கொண்டுவந்தாள். தாய் தகப்பன் இல்லாத பையன், மூன்றாம் வகுப்பு. பெட்டி துருப்பிடித்து ஓட்டை விழுந்து பழைய இரும்புக்குப் போய்விட்டது. தம்பி அப்படியே இருந்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் அவனைத்தான் பிள்ளையாக வளர்த்தாள். நானும்தான் வளர்த்தேன். திட்டாமல் வளர்த்தேன் என்று சொல்லமாட்டேன். சட்டி கவிழ்ந்தால் அவன், விளக்கு அணைந்தால் அவன், மழை பெய்து துணி நனைந்தால் அதற்கும் அவன்தான். வாங்கிக்கட்டிக்கொள்ள வாகான ஆள். ஒரு நாள் எதிர்த்துப் பேசியதில்லை.

எனக்கு அச்சகத்தில் வேலை, மெஷின் அறையில். அங்கே மெதுவாகப் பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. கத்திக் கத்தி என் குரலே அப்படி அமைந்துவிட்டது. வீட்டில் நான் தண்ணீர் கேட்டால் மூன்றாவது வீட்டுக்காரர் செம்பைத் தேடுவார். கோபம் வேறு, குரல் வேறு என்று என் மனைவிக்கு எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. கத்தித்தான் சொன்னேன்.

வண்டியை அவன் சும்மா துடைத்து வைத்துக்கொள்ளவில்லை, அதை நான் மறுக்கமாட்டேன். பெட்ரோல் டேங்குக்குள் துரு பிடித்திருந்தது. மண்ணெண்ணெயும் ஒரு கை நட்டுகளும் உள்ளே போட்டு, டேங்கை மடியில் வைத்து ஞாயிறு முழுக்கக் குலுக்கினான். எங்கள் வீட்டில் அன்றைக்கு வேறு சத்தமே இல்லை, என் சத்தத்தைத் தவிர. சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காது வைத்துக் கேட்டு முறுக்கினான். அக்காவின் பழைய டூத்பிரஷ் எல்லாம் கார்புரேட்டருக்குப் போனது.

அவனிடம் ஒரு பழக்கம். தரையில் செய்தித்தாளை விரித்து, கழற்றுகிற சாமான்களைக் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைப்பான். மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுப்பான். ஒரு வாஷர் இடம் மாறக்கூடாது. அக்காக்காரி கீரை ஆய்ந்துகொண்டோ கிழிந்த துணி தைத்துக்கொண்டோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். அவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது, ஆனால் எதற்குப் பிறகு எது என்று அந்த வரிசை அவளுக்கு அத்துப்படி. “இந்தச் சின்னதை விட்டுட்டியே” என்று எடுத்துக் கொடுப்பாள்.

வண்டி ஓட ஆரம்பித்த பிறகு ஞாயிறு காலையில் எடுத்துக்கொண்டு போவான். வந்தவுடன் நான் கேட்பேன்.

“எங்கடா போனே?”

“தார் ரோடு முடியுற இடம் வரைக்கும் போனேன் மாமா.”

“அதுக்கு அப்புறம்?”

“அப்புறம் மண் ரோடு. திரும்பிட்டேன்.”

“மண்ணுல ஓட்டத்தானேடா இந்த எருமையை வாங்கினே?”

“ஆமா மாமா” என்பான். அதோடு சரி. சேறு படாத டயரைத் துணியால் துடைப்பான். அவனுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

போன மாதம் அந்த நில அளவைக்காரர் வாசலில் வந்து நின்றார். மலைமேல் அங்கங்கே மழை அளக்கிற கருவிகள் வைத்திருக்கிறார்களாம். தினமும் ஒரு சுற்று போய் அளவு பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். பாதை முழுக்கக் கல், ஓடை. சொந்த வண்டி இருக்கிற ஆளாக, வண்டி வழியில் நின்றால் தானே சரிசெய்துகொள்கிற ஆளாக வேண்டும். தங்க அறை உண்டு. “அடுத்த திங்கட்கிழமை வண்டியோட வா. ஒரு சுத்து ஓட்டிக் காட்டு. வேலை உனக்குத்தான்” என்றார். மச்சினன் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். முன்னறையில் எங்கே நாற்காலி போடுவது என்று அப்போதே கணக்குப் போட்டுவிட்டேன். மனைவி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவன் மலைக்குப் போகுமுன் ஒரு தடவை எல்லாவற்றையும் சுத்தம் செய்கிறேன் என்று இஞ்சினின் இடது பக்கத்தைத் திறந்தான். மூடினான். கிக்கரை மிதித்தான். கிக்கர் அவனைத் திருப்பி மிதித்தது. கணுக்கால் வீங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வண்டி ஓடவில்லை. புகைபோக்கியில் ‘டப்’ என்று வெடிக்கும், அவ்வளவுதான்.

ஒரு வாரமும் அதே கூத்து. பிளக்கை மாற்றினான், கார்புரேட்டரைக் கழற்றினான், பெட்ரோலைக் கொட்டி வேறு ஊற்றினான். ஆனால் இடது பக்கத்தை மட்டும் மறுபடி திறக்கவில்லை. நான் சும்மா இருப்பேனா? “ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். இத்தனை வருஷம் என் வீட்டை நாறடிச்சு நீ கத்துக்கிட்டது இதுதானா?” என்று தினமும் அர்ச்சனை. அவன் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பேனரைத் துடைப்பான். அவள் அடுக்களையில் இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. விடிந்தால் திங்கள். “நகருடா, நான் பாக்கறேன்” என்று ஸ்பேனரைப் பிடுங்கினேன். “வேணாம் மாமா, விடுங்க” என்று கையைப் பிடித்தான். உதறிவிட்டு இடது பக்க மூடியைத் திறந்தேன்.

உள்ளே இஞ்சின் தண்டின் நுனியில் மேக்னெட் என்று கனமான ஒரு சக்கரம் மாட்டியிருக்கும். தண்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாவி இருக்கவேண்டும். பூட்டுச் சாவி இல்லை. வெட்டிப்போட்ட கட்டைவிரல் நகம் அளவில் அரைவட்டமான ஒரு துண்டு இரும்பு. அது இருந்தால்தான் சக்கரம் தன் இடத்தில் நிற்கும், பொறி சரியான நேரத்தில் பறக்கும். என் அச்சு மெஷினில் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் இந்தச் சாவிதான். மேக்னெட்டை இழுத்துக் கழற்றினேன். தண்டில் சாவிக்கான பள்ளம் வெறுமையாக இருந்தது.

“சாவி எங்கடா?”

அவன் செய்தித்தாளின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தான். ஒரு வாஷர் இடம் மாறினால் கண்டுபிடிக்கிறவன், இந்தப் பள்ளத்தைப் பார்க்காமல் மேக்னெட்டை மாட்டியிருக்கவே முடியாது. அது எனக்கு உறைப்பதற்குள் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். கையில் ஊசி நூல் டப்பா. அதைத் திறந்து அந்த இரும்புத் துண்டை எடுத்து, செய்தித்தாளில் நான் வைத்திருந்த சாமான்களின் வரிசையில், அது இருக்கவேண்டிய இடத்தில் வைத்தாள்.

“நான்தான் எடுத்தேன்” என்றாள்.

நான் என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. தெருவில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. அவள் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். எப்போதும் அப்படித்தான் நிற்பாள். மச்சினன் எழுந்து எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்தான்.

“மாமா, அக்காவை விடுங்க. எனக்கு அன்னிக்கே தெரியும்.”

“என்னடா தெரியும்?”

“கை கழுவிட்டு வந்து பாத்தேன், பேப்பர்ல அந்த இடம் காலியா இருந்துச்சு. அக்கா அடுப்பையே பாத்துட்டு நின்னுது. அடுப்பு எரியவே இல்ல.”

“தெரிஞ்சேவா வாயை மூடிட்டு மாட்டினே? லேத்துக்காரன்கிட்ட போயிருந்தா ஒரு டீ குடிக்கிற நேரத்துல ஒண்ணு கடைஞ்சு தந்திருப்பானே?”

“தந்திருப்பாரு.”

“பின்னே?”

“வண்டி ஓடினா நான் போகணும். நான் போனா அக்கா உங்களோட தனியா இருக்கணும்.”

என் வாய் இன்னும் பெரிதாகத் திறந்தது. “இருந்தா என்ன? நான் என்ன புலியா? ஒரு நாள் கை நீட்டியிருக்கேனா? கேளு உங்க அக்காவை.”

“இல்ல” என்றாள் அவள், தரையைப் பார்த்தபடியே. “கை நீட்டினதில்ல. அவன் இருந்தா அவனைத் திட்டுவீங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். அவன் இல்லாவிட்டால் யாரை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. இத்தனை வருஷம் வீட்டில் எது கவிழ்ந்தாலும் முதலில் ஓடிவந்து, “நான்தான் மாமா” என்று அவன் நின்றது ஒவ்வொன்றாக எனக்கு ஞாபகம் வந்தது. அதில் பாதி அவன் செய்ததாகவே இருக்காது. அவன் லிஃப்டில் அடைந்து கிடப்பதாக நான் கேலி செய்துகொண்டிருந்தேன். அவன் அடைந்து கிடந்தது இங்கே.

“நீ போடா” என்றேன். “உங்க அக்காவை நான் பாத்துக்கறேன்.”

“அதான் மாமா பயமா இருக்கு” என்றான். கிண்டல் இல்லை. அவனுக்குக் கிண்டல் செய்யத் தெரியாது.

நான் தரையில் உட்கார்ந்து சாவியைப் பள்ளத்தில் வைத்து மெல்லத் தட்டி இறக்கினேன். அவன் வந்து எதிரில் உட்கார்ந்து மேக்னெட்டைப் பிடித்தான். நான் மூடியை மாட்டினேன், அவன் கிக்கரை மிதித்தான். இரண்டாவது மிதியில் வண்டி பிடித்துக்கொண்டது. முன்னறை முழுக்கப் புகை. மூன்று பேரில் யாரும் சிரிக்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அணைத்தான். பழைய போர்வையை எடுத்து வண்டிமேல் போர்த்தினான்.

“நாளைக்கு லிஃப்டுக்கு நேரத்தோட போகணும்” என்றான்.

அந்தப் போர்வையை என்னால் பார்க்க முடியவில்லை. இழுத்துக் கீழே போட்டேன். சுவரோரம் நின்றவளைப் பார்த்து, “நீயும் அவனோட போ” என்றேன். அதையும் கத்தித்தான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “ஒரு வாரம் இருந்து, அவனுக்கு அடுப்பு, பாத்திரமெல்லாம் ஒழுங்கு பண்ணிக் கொடுத்துட்டு வந்துடறேன்” என்றாள். பை கட்ட அவளுக்கு நேரமே ஆகவில்லை. மறுநாள் காலையில் அந்த உயரமான சீட்டில் ஏற முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கல்யாணமான புதிதில் எப்போதோ பிடித்தது. தெருமுனை திரும்பும்போது அவன் கையைத் தூக்கிக் காட்டினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, விழுந்துவிடுவோம் என்ற பயமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முன்னறையில் இப்போது தாராளமாக இடம் இருக்கிறது. நாற்காலியை நட்டநடுவில் போட்டு உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. ஒரு நாள் குழாயில் தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. “எவன்டா இதைத் திறந்து வெச்சது?” என்று கத்திவிட்டு, நானே போய் மூடினேன். அன்றைக்கு அழுதேன். சொல்வதில் என்ன வெட்கம்.

அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒரு வாரம் போனது, இரண்டாவதும் போனது. தினமும் போனில் சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், அங்கே மழை என்பாள். நான் சும்மா ம் ம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்றுக் கேட்டுவிட்டேன்.

“எப்ப வர்றே?”

நான் ‘ஹலோ’ சொல்லப் போகிற நேரத்தில் பேசினாள்.

“வரச் சொல்றீங்களா, வர்றியான்னு கேக்கறீங்களா?”

வாழ்ந்த வாழ்க்கையில் நான் அவளை எதுவும் கேட்டதில்லை. சொல்லித்தான் பழக்கம்.

“கேக்கறேன்” என்றேன்.

“அப்படின்னா யோசிச்சுச் சொல்றேன்” என்றாள்.