குதிரை ஏறாத துரை

கொடைக்கானல் ஏரிக்கரையில் இன்று அதிகக் குதிரை வைத்திருப்பவன் நான்தான். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டாலும் சொந்தக் காலில் நின்று முன்னுக்கு வந்தவன்.

எழுபதுகளின் கடைசியில் வயதான ஆங்கில நடிகர் ஒருவர் இங்கே ஓய்வெடுக்க வந்தார். லண்டன் நாடக மேடையில் ராஜா வேஷம் கட்டிப் பேரெடுத்து, பிறகு சினிமாவுக்குப் போனவர். அவர் குதிரையில் பாய்ந்து வரும் படத்தை மதுரையில் பார்த்திருந்தேன். அதனால் என்னிடம் இருந்ததிலேயே முரட்டுக் குதிரையாகப் பார்த்து அவர் முன்னால் நிறுத்தினேன். கூட்டம் கூடிவிட்டது. அவரோ பின்வாங்கினார்.

"ஏலே, தொரைக்குப் பயமாக்கும்!" என்று ஒருவன் சிரித்தான்.

"சும்மா கெடலே! தொரை, வெரசா ஏறுங்க. என் மானம் போகுது" என்றேன்.

நடிகர் ஏதோ சொன்னார். கூட வந்திருந்த மிஷன் பள்ளி டீச்சர் அதைத் தமிழில் உரக்கச் சொன்னார்: "இவருக்குக் குதிரை ஏறவே தெரியாதாம்ங்க. வசனம் பேசினது மட்டுந்தான் இவராம். குதிரையில வந்தது வேற ஆளாம்."

கூட்டம் ஓவென்று கத்தியது. அவர் முகம் மாறவில்லை. தனக்காகக் குதிரை ஏறியவரின் பெயரை எல்லாருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார். எங்கள் யார் வாயிலும் அது நுழையவில்லை.

என் குதிரைகளை நானே பழக்கினேன் என்றுதான் ஊர் நம்புகிறது. இத்தனை வருஷம் கழித்து நானும் ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறேன். பழக்கியவர் என் மச்சான் அந்தோணி.