மகளின் கவிதையில் நான் அழவில்லை

என் மகள் அமெரிக்காவில் கவிதை வாத்தியார். செகந்திராபாத் பக்கம் எங்கள் அல்வாலில் இதைச் சொன்னால் ஒரு நிமிடம் பேச்சு நின்றுவிடும். கம்ப்யூட்டர் படிக்கத்தான் அனுப்பினோம். போய்ச் சேர்ந்த பிறகு கவிதை எழுதப் போகிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எழுதினால் போதாதா என்று அவள் அப்பா கேட்டுப் பார்த்தார். போதாதாம். அங்கேயே பட்டம் வாங்கி, அந்த ஊர்ப் பிரஜையாகி, கல்லூரி கல்லூரியாகத் தற்காலிக வேலை பார்த்தாள். குஷாய்குடாவில் அரசு ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெர்மனன்ட் ஆகாத வேலை எனக்கு வேலையே இல்லை. சபையில் அவளுக்காக ஜெபிக்கச் சொன்னேன். எந்தக் கம்பெனி என்று பாஸ்டர் கேட்டார். கவிதை என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் அப்பா இறந்தபோது உடனே கிளம்பி வர அவளுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. என் நாத்தனார் மகன்தான் அடக்கத்தை போனில் காட்டினான். அவன் காட்டிய நேரமெல்லாம் நான் வந்தவர்களுக்கு நாற்காலி பத்துமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும் நேரத்தில் சிக்னல் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் அழுத அழுகையில் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மகளின் போனில் மட்டும் என் காய்ந்த முகம் அப்படியே நின்றுபோயிருந்தது.

அந்த முகத்தை வைத்து ஒரு கவிதை எழுதிவிட்டாள். புருஷனைப் புதைக்கும்போதுகூட அழாத அம்மா. அதுதான் பெயர் வாங்கியது. புத்தகம் வந்தது, வேலையும் பெர்மனன்ட் ஆனது. அங்கே பிள்ளைகளுக்குப் பாடமாகவும் வைத்திருக்கிறார்களாம். எனக்குக் கோபம் வராமல் இல்லை. ஆனால் பெர்மனன்ட் ஆன வேலையில் யாராவது கை வைப்பார்களா? வாயைத் திறக்கவில்லை.

போன டிசம்பரில் வந்திருந்தாள். செகந்திராபாத்தில் ஓர் அரங்கில் கவிதை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, அந்த அம்மா இவர்தான் என்று கூட்டத்துக்குக் காட்டினார்கள். எல்லோரும் என் கண்ணையே பார்த்தார்கள். கவிதையில் அவள் அப்பாவின் இருமல் வந்தது. இங்கே அழுதால் கவிதை பொய்யாகிவிடும், இவள் பிழைப்பு கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேடையில் இருந்த பூச்சாடியையே பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து டீ போட்டுக்கொண்டிருந்தேன். அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"மம்மி, இன்னிக்குகூட நீ அழல. டாடி மேல உனக்குப் பாசமே இல்லியா?"

அதற்கு மேல் அவள் வேலையைப் பற்றி யோசிக்க என்னால் முடியவில்லை.

"அன்னைக்கு சிக்னல் போயிட்டுச்சுடீ. அதுக்கப்புறந்தான் அழுதேன். எல்லாரும் பார்த்தாங்க, நீதான் பார்க்கல."

அவள் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

கவிதையைத் திருத்தட்டுமா என்று பிறகு கேட்டாள். நக்கோ, வேண்டாம் என்றேன். அமெரிக்காவுக்கு நான் அழாதவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். இவளுக்குத் தெரிந்துவிட்டது, போதும்.