கஸ்தூரியின் மீன் பலகை குண்டுக் கதவு அல்ல

முதலில் ஒரு திருத்தம். என் கணவர் விமானி அல்லர். துறைமுகத்தில் கணக்கு எழுதியவர். விமானத்தில் ஒருமுறைகூட ஏறாமலே காலமானார். "பாவம், கணவர் ஓட்டிய விமானத்தை நினைத்துப் புலம்புகிறார்" என்று எங்கள் பகுதிப் பாரம்பரியக் குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதிய செயலாளர் இதைக் குறித்துக்கொள்ளட்டும். டகோட்டா விமானங்களோடு வேலை பார்த்தவள் நான். அறுபதுகளின் கடைசியில், மீனம்பாக்கத்துச் சரக்குப் பிரிவில், எந்த மூட்டை விமானத்துக்குள் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று எடை பார்த்துக் கையெழுத்திட்டவள்.

நான் புலம்பவும் இல்லை. குழு ஒட்டிய நோட்டீஸ் தவறு என்றேன், அவ்வளவுதான். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் ஒரு மீன்காரம்மா மீன் வெட்டும் பலகை, உலகப் போரில் குண்டு வீசிய விமானத்தின் கதவாம். வரும் ஞாயிற்றுக்கிழமை டெம்போவில் ஏற்றிவந்து காட்சிக்கு வைக்கப்போகிறார்களாம். பார்க்காததைப் பற்றிப் பேசாதே என்று என் பள்ளிக் கன்னியாஸ்திரிகள் சொல்வார்கள். ஆகவே செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

ராயபுரத்தில் காலை 9.20க்கு கும்மிடிப்பூண்டி ரயில். டிக்கெட் ஐந்து ரூபாய். எண்ணூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். நூறு கேட்டார், எண்பதுக்கு வந்தார்.

"எங்க ஆயா போற?"

"விமானக் கதவு ஒன்று இருக்கிறதாமே, அதைப் பார்க்க."

"பிளேனு மீனம்பாக்கத்துல கீது ஆயா. நீ நேர் ஆப்போசிட்டா வந்துகினுகீற!"

குப்பத்தில் கடற்காற்று பலமாக இருந்தது. கஸ்தூரிக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் பலகை சிமெண்ட் கற்கள் மேல் கிடந்தது: ஆளுயர அலுமினியத் தகடு, லேசான வளைவு, நடுவே ஓர் அகன்ற ஓட்டை. ஓட்டையை மரப்பலகையால் மூடியிருந்தார்.

"இன்னா ஆயா, நீயும் போட்டோ புடிக்கவா? நோட்டீஸ் ஒட்னதுலேர்ந்து ஒரே பேஜாரு."

பேஜாரு என்னவென்று உடனே தெரிந்தது. மீன் வாங்க வந்த பெண் ஒருத்தி இரண்டடி தள்ளியே நின்றாள். "அதுல வெட்டாத கஸ்தூரி. வெடிமருந்து ஒட்டிக்கினு இருக்கப்போவுது."

"இத்தினி வருசம் இதுல வெட்னதத்தான துன்ன? மருந்து இருந்தா உன் வவுறு எப்பவோ வெடிச்சிருக்கும்டி!"

அவள் சிரித்தாள். ஆனால் வாங்காமல் போய்விட்டாள். காலையிலிருந்து இப்படிப் போனவர்களில் அவள் நான்காவது ஆளாம்.

கஸ்தூரியின் மாமனார் அதைத் திருவொற்றியூரில் பழைய இரும்பு விற்கும் காயலான் கடையில் வாங்கியிருக்கிறார். பலகையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். மீனை ஒதுக்கி, தண்ணீர் ஊற்றித் தேய்த்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் திருப்பினார்.

"இந்த ஓட்டை வழியாத்தான் குண்டு போட்டான்னு நோட்டீஸ் ஒட்ன சாரு சொன்னாரு."

"அது ஆள் ஏறி இறங்கும் வாசலம்மா."

டகோட்டா இரண்டு புரொப்பெல்லர் கொண்ட சரக்கு விமானம். தரையில் மூக்கைத் தூக்கி வாலை ஊன்றி நிற்கும்; உள்ளே மூட்டையை மேட்டில் இழுப்பதுபோல் இழுக்க வேண்டும். இடப்பக்கம், வாலுக்கு அருகில், ஜீப்பையே ஏற்றுகிற அகலத்தில் இரட்டைக் கதவு. முன்கதவுக்குள் ஆட்களுக்கென ஒரு சின்னக் கதவு உண்டு, அது உள்பக்கமாகத் திறக்கும். போரில் அதைக் கழற்றிவிட்டு, அந்த வழியே பாராசூட் வீரர்கள் குதித்தார்கள். அரிசி மூட்டைகளையும் தள்ளினார்கள். போர் முடிந்ததும் மிச்ச விமானங்களைத் தபாலுக்கும் சரக்குக்கும் வாங்கினார்கள். கஸ்தூரியின் பலகை அந்த முன்கதவுதான்; அதில் சின்னக் கதவு மட்டும் இல்லை. அதன் கீல் பதிந்த இடம் உட்புறத்தில் அப்படியே இருக்கிறது. குண்டுக் கதவென்றால் விமானத்தின் வயிற்றில் இருக்கும். வயிற்றுக் கதவுக்குள் ஆள் ஏற எவன் வாசல் வைப்பான்?

"அப்போ இது குண்டே போடலியா?"

"இந்தக் கதவு எங்கெல்லாம் போனது என்று எனக்குத் தெரியாது. எதற்காகச் செய்தார்கள் என்று தெரியும். சுமை ஏற்ற."

"அத்த எழுதிக் குடு ஆயா. உன் பேரைப் போடுறோம், பலகையக் குடுத்துடுன்றாங்க அந்தக் குழுக்காரங்க. பேர் மேல வெச்சு மீன் வெட்டுவனா நானு?"

சங்கரா அரைக்கிலோ வாங்கி, அதே பலகையில், எல்லோரும் பார்க்க வெட்டித் தரச் சொன்னேன். இரவு குழம்பு வைத்தேன். நன்றாகவே இருந்தது.

போக விரும்புகிறவர்களுக்கு: குடை காற்றுக்கு நிற்காது, தொப்பி போடுங்கள். மீன் ஏலச் சந்தடி ஓய்ந்து பத்து மணிக்கு மேல் போங்கள். படம் எடுக்குமுன் கஸ்தூரியைக் கேளுங்கள், முடிந்தால் மீன் வாங்குங்கள். அது அவர் பிழைப்பு நடக்கும் இடம், பொருட்காட்சி அல்ல. உப்புக்காற்றில் நின்று அந்தத் தகடு இன்றும் வேலை செய்கிறது. கண்ணாடிக்குள் போனால் செய்யாது.

செயலாளர் அவர்களுக்கு இரண்டு கேள்விகள். இது குண்டுக் கதவு என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம்? கஸ்தூரி சம்மதிக்காத பொருளை எடுத்துச் செல்ல உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்? தொலைபேசியில் அழைக்க வேண்டாம். டெம்போ புறப்படுமுன், சனிக்கிழமைக்குள், கையெழுத்திட்டு எழுத்தில் பதில் தாருங்கள். ஒரு பிரதி எனக்கு, ஒன்று கஸ்தூரிக்கு.