பூச்சி என்ன தின்னும்

ஓடைப் பூச்சிகள் எதைத் தின்று வாழ்கின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. சொன்னால் யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை. கல்யாணமாகி மேனாம்பேட்டுக்கு வந்த புதிதில் மாமியாரும் கேட்டார்: "இத்தயா இத்தினி வருசமா படிச்சே? பூச்சி இன்னா துன்னா நமக்கு இன்னாம்மா?"

பதில் என்னிடம் இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. திருநின்றவூர் ஏரி நிரம்பினால் உபரிநீர் போகும் கால்வாய் ஒன்று என் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் ஓடியது. மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்ததும் அதில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் போதும். பாசியைச் சுரண்டித் தின்கிற பூச்சி இருக்கும், ஊறிய புங்க இலையைக் கிழித்துத் தின்கிறது இருக்கும். இன்னொன்று கல் இடுக்கில் வலை கட்டிக்கொண்டு, தண்ணீர் கொண்டுவந்து தருவதை உட்கார்ந்த இடத்திலேயே தின்னும். அப்படிப்பட்டவர்கள் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் உண்டு. கிடைத்ததை எல்லாம் பிடித்துத் தின்பது தட்டானின் குஞ்சு; சிறகு முளைக்கும்வரை அது தண்ணீருக்குள்தான் கிடக்கும். சாக்கடை கலந்துவிட்டால் இத்தனையும் போய்ச் சிவப்புப் புழு மட்டும் மிஞ்சும்.

செத்த பூச்சியின் குடலைப் பிரித்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் பாதிக்கு மேல் கூழாகத்தான் தெரியும். எது எதைத் தின்றது என்று உறுதியாகச் சொல்ல, உயிரோடு வைத்துப் பார்த்தாக வேண்டும். எனக்குப் பாக்கியிருந்தது அந்த ஓர் அத்தியாயம். "கல்யாணத்துக்கு அப்புறம் முடிச்சிக்கலாம்" என்று பெண் பார்க்க வந்தபோது எல்லோரும் தலையாட்டினார்கள். குழந்தை பிறந்ததும் அந்தப் பேச்சே காணாமல் போனது. பல்கலைக்கழகம் கடைசித் தடவையாக அவகாசம் கொடுத்தது. அந்த வருஷத்து மழைத் தண்ணீர் வற்றுவதற்குள் முடிக்காவிட்டால் என் பதிவு ரத்தாகிவிடும்.

என் கணவருக்கும் நீர்வாழ் உயிர்கள் மேல் ஆசை உண்டு. கூடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் தலை புடைத்த ஒரு ஃபிளவர்ஹார்ன் மீன் இருக்கிறது. வாஸ்து மீனாம். கொளத்தூர் வண்ணமீன் கடைகளிலிருந்து அவர் வாங்கிவரும் சிவப்புப் புழுவைத் தினமும் அலசிப் போடுவது என் பொறுப்பு. "நீ படிச்ச படிப்பாச்சே" என்று சொல்லித்தான் ஒப்படைத்தார்.

தை பிறந்ததும் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுக் கால்வாயில் இறங்கினேன். கல், இலை, பூச்சி எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டு, ஈரத்துணியால் மூடி, மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பால்கனியில் வைத்ததும் கணவரே காற்று பம்பு ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினார். "இல்லாங்காட்டி செத்துடும்மே" என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்குப் பிரியமாகக்கூட இருந்தது.

தினமும் காலையில் வாளிக்கு முன்னால் உட்கார்ந்தேன். தட்டான் குஞ்சு, பக்கத்தில் மொய்த்த பாசிப் பூச்சிகளை விட்டுவிட்டு, இலை தின்னும் பூச்சியைத் தேடிப் போய்ப் பிடித்தது. மறுநாளும் அப்படியே செய்தது. நான் படித்த எதிலும் அது இல்லை. சந்தோஷத்தோடு தேதியும் நேரமும் போட்டு நோட்டில் எழுதிவைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர் வளைகாப்புக்குப் போய்த் திரும்பினேன். பால்கனியில் வாளி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"மீனுக்குப் போட்டுட்டேன்மே," என்றார் அவர். "புழு தீந்துபோச்சு. நீ எடுத்தாந்தது கீதேன்னு போட்டேன். ஒண்ணு உடாம துன்னுச்சு."

"அது என் ஆராய்ச்சிங்க."

"மீனுக்குத்தான்னு நெனச்சேன்."

எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஒரு முறையாவது காதில் வாங்கியிருந்தால் இப்படி நினைத்திருக்க மாட்டார். மாமியார் உள்ளேயிருந்து, "பூச்சிதானேம்மா, வுடு" என்றார்.

அடுத்த ஞாயிறு, மறுபடி பூச்சி பிடிக்க, கணவரே என்னைப் பைக்கில் கால்வாய்க்குக் கூட்டிப்போனார். கால்வாய்க்குள் ஜேசிபி நின்றது. கல்லும் இலையும் சேறும் கரையில் குவிந்து காய்ந்துகொண்டிருந்தன. இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவருக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். "பரவால்ல, நல்லா சுத்தம் பண்றாங்க" என்றார். அவரைப் பிடித்து அதற்குள் தள்ளிவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. திரும்பி வந்து பைக்கில் ஏறி உட்கார்ந்தேன்.

பதிவு ரத்தானது. மீன் மட்டும் நன்றாகச் சிவந்து தலை பெருத்துவிட்டது. அதைப் பார்ப்பதற்கென்றே அவருடைய சிநேகிதர்கள் வருகிறார்கள்.

"இன்னா மாமே போட்றே, இம்மாங் கலரு?"

"கடையில கெடைக்காது மாமே. ஊட்டுக்காரி பூச்சிக்கு பிஎச்டி படிச்சிது. அதுவே புடிச்சிகினு வந்துச்சு."

உண்மையான பெருமையோடுதான் சொல்கிறார். நான் டீயைக் கொண்டுபோய் அவர்கள் முன்னால் வைக்கிறேன்.